டிவிதான் சௌக்கியமில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். டிவிதான் சௌக்கியமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய சிடி வந்து சேர்ந்தது. போனில் "எப்படி இருக்குப்பா" என்று கேட்டால் நான் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்றே சொல்கிறேனாம். அதனால் கண்ணால் பார்த்ததை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை உட்கார்ந்து முடித்தவனிடம் கட்டுரை கேட்கிறாய். எழுதுகிறேன், மார்க்கை மட்டும் குறைத்துவிடாதே.

முதலில் நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நீ சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம் பெட்டி இங்கே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதே மாதிரி ஒன்று உன்னிடமும் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஓட்டுவதற்கு நீயும் உன் கூட்டாளிகளும் ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். அதில் கார் கிடையாது, சண்டை கிடையாது. வெறும் கோடு, கட்டம், வட்டம், கலர்ப் பட்டை. அதைப் பார்த்து டிவி படத்தை ஒழுங்காகக் காட்டுகிறதா என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் உன் ஊர் டிவி ஒரு ரகம், நம் ஊர் டிவி வேறு ரகம். அதனால் புரோகிராமை நம் டிவிக்குத் தோதாக மாற்றுவது உன் வேலை, மாறியதா என்று பார்ப்பது என் வேலை. ஆக, ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்ட வேண்டிய ஒரு மனிதன், விளையாட்டே இல்லாத விளையாட்டு சிடியோடு சாயங்காலம் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

பார்த்தது இதுதான். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. வந்த படம் நிற்கவில்லை. கீழேயிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, டிவி மாடிப்படி ஏறுது?" என்றாள். நான் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். இன்னும் வேகமாக ஏறியது.

வீட்டில் இருப்பது இந்த முதுகு துருத்திய டிவி ஒன்றுதான் என்பதையும், அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தொடர் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள். அம்மா ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன்னைக் கேட்டாளா, ரிமோட்டைக் கேட்டாளா என்று விசாரிக்கவில்லை.

உன் அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? தயவுசெய்து டிவியைத் தட்டாதீர்கள்.

தவறு என்னுடையது. இங்கே டிவி ஒரு வினாடிக்கு அறுபது படம் காட்டும். அங்கே ஐம்பதுதான். நான் அனுப்பிய சிடி அறுபது அறுபதாக ஊட்டியிருக்கிறது. நம் டிவி ஐம்பதுக்கு மேல் விழுங்காது. அதுதான் ஓட்டம். கலர் அனுப்பும் முறையும் வேறு, அதனால்தான் கறுப்பு வெள்ளை. இப்போது ஐம்பதுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறேன்.

ஐம்பது டிவி இங்கே என் கைக்குக் கிடைக்காது. கம்ப்யூட்டரில் போலியாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் போலி போலிதான். எங்கள் குழுவின் தலைவருக்கு மீசைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர், "ஐம்பதை யார் பாக்கப் போறாங்க, விட்டுரு" என்கிறார். ஜூன் பிறப்பதற்குள் சரியாக வராவிட்டால் என் பகுதியை வெட்டிவிட்டு அறுபதை மட்டும் வெளியிடுவார்கள். இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து எழுதியது. அதனால்தான் இவ்வளவு தொல்லை தருகிறேன்.

"நல்லா இருக்கு" வேண்டாம். "ஒரு மாதிரியா இருக்கு" என்பதும் வேண்டாம். எது, எங்கே, எப்படி என்று எழுதுங்கள். புரோகிராமுக்குள் ஒரு கடிகாரமும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு


மார்ச் 8

அன்புள்ள வாலுக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியம். டிவி பாதி சௌக்கியம். உங்கள் இருவரின் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு இருமல் என்றாயே, குறைந்ததா?

இரண்டாவது சிடி போட்டேன். படம் மாடிப்படி ஏறவில்லை. கலர் வந்துவிட்டது. அதற்கு ஒரு சபாஷ். இனி குறைகள்.

எது: வட்டம். எங்கே: நடுவில். எப்படி: அதன்மேல் யாரோ கனமான ஆள் உட்கார்ந்து எழுந்து போன மாதிரி நசுங்கியிருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். "தலகாணி" என்றாள். அடுத்து, படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. வெயிலுக்குத் திரை போட்டு வேன் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. கட்டங்கள் போட்ட படமும் அந்த இடுக்குக்குள்தான் நிற்கிறது, டிவி முழுக்க வரவில்லை.

அடுத்து கடிகாரம். அதை என் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். உன்னுடையது ஒரு நிமிஷம் என்று சொல்லும்போது என்னுடையது அதைத் தாண்டி எழுபத்திரண்டு வினாடிக்குப் போய்விட்டது. மூன்று தடவை பார்த்தேன். இந்தக் கடிகாரத்தை நம்பி வேனை எடுத்தால் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஸ்கூல் போய்ச் சேரும். "உங்க வயசுக்கு ஏத்த கடிகாரம்தான்" என்று உன் அம்மா சொன்னாள். அவள் தொடர் பார்க்க முடியாத கோபத்தை வேறு எங்கே காட்டுவாள்?

எழுதியது போதுமா? மார்க் எத்தனை?

மே மாதம் வேன் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வருஷா வருஷம் ஒரு கண் பரிசோதனைச் சீட்டு. நாலு எழுத்தை வாசித்துக் காட்டினால் சீல் வைத்துவிடுவார்கள். உன் பரிசோதனை அதைவிடக் கஷ்டம்.

உன் அப்பா


மார்ச் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அவருக்கு இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தைக் குழுவில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். தலையணைக்கு நல்ல வரவேற்பு. நூற்றுக்கு நூறு.

கடிகாரத்தில் நான் செய்த முட்டாள்தனம் இது: அறுபது படம் ஓடினால் ஒரு வினாடி என்று எண்ணச் சொல்லியிருந்தேன். அங்கே அறுபது படம் ஓட ஒரு வினாடிக்கு மேலே ஆகும். இப்போது ஐம்பது எண்ணச் சொல்லிவிட்டேன். வட்டம் நசுங்கியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. நம் டிவியில் மேலிருந்து கீழே கோடுகள் அதிகம். நான் இந்த ஊர் அளவுக்கு வரைந்துவிட்டு மீதியைக் காலியாக விட்டிருந்தேன். அதுதான் கறுப்புப் பட்டை. எல்லாப் படங்களையும் நம் டிவியின் உயரத்துக்குப் புதிதாக வரைந்திருக்கிறேன்.

இந்த மூன்றாவது சிடியில் கட்டப் படத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஓரம் முதல் ஓரம் வரை சதுரம் சதுரமாக, கோடுகள் எல்லாம் நேராக இருக்க வேண்டும். இது சரி என்று நீங்கள் எழுதிவிட்டால் என் வேலை முடிந்தது.

உங்கள் வாலு


ஏப்ரல் 14

அன்புள்ள வாலுக்கு,

உன் அம்மா சௌக்கியம். உங்கள் நலத்துக்கு எழுது.

சிடி வந்து ரொம்ப நாளாயிற்று, பதில் தாமதம். வேன் வேலை. வட்டம் வட்டமாக இருக்கிறது. கடிகாரம் என் கடிகாரத்தோடு கைகோத்து நடக்கிறது. பட்டைகள் போய்விட்டன.

கட்டம் மட்டும் சரியில்லை. ஓரங்களில் நேராக இருக்கிறது. நடுவில் கோடுகள் வளைகின்றன. தண்ணீருக்குள் கட்டம் போட்ட துணியை விரித்துவிட்டு ஒருவன் விரலால் கலக்கிய மாதிரி. ஒன்றிரண்டு சதுரம் கலங்கி, என்ன என்றே தெரியவில்லை. தினமும் போட்டுப் பார்க்கிறேன். தினமும் அப்படித்தான்.

நீ அதைச் சரி பண்ணி அனுப்பு. அவசரமில்லை, ஆனால் சரி பண்ணிவிடு.

வேனில் பக்கவாட்டுக் கண்ணாடி மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்கூல் கேட் தூண் கொஞ்சம் நகர்ந்து வந்துவிட்டது. சிமெண்ட் தூணுக்கு இந்த வயதில் ஊர் சுற்ற ஆசை.

உன் அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலம்தானா? தூணில் இடித்தபோது பிள்ளைகள் யாராவது உள்ளே இருந்தார்களா? உங்களுக்கு ஒன்றும் இல்லையே?

இந்தக் கட்டம் என் உயிரை எடுக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் மீசைக்காரரிடம் சொன்னேன். "உன் அப்பா ஒருத்தர்தான் அப்படிச் சொல்றார். வேற ஊர்கள்ல ஐம்பது டிவி வெச்சிருக்கிற மத்தவங்க எல்லாரும் போட்டுப் பாத்து நேரா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடிகாரம் சோம்பேறின்னு அவங்கள்ல யாராவது கண்டுபிடிச்சாங்களா? எங்கப்பா கண்டுபிடிச்சார். அவர் இத்தனை வருஷமா வண்டி ஓட்டறவர். ரோட்டுல ஒரு ஆணி கெடந்தா அவர் கண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். எனக்காக வெளியீட்டை ஜூன் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் என்மேல் கடுப்பில் இருக்கிறார்கள்.

கட்டம் வரையும் பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதியிருக்கிறேன். நான்காவது சிடி இதோ.

இன்னொன்று. காந்தம் பக்கத்தில் இருந்தாலும் இந்த மாதிரி டிவியில் படம் வளையும். ஸ்பீக்கர் எதுவும் ஒட்டி இருக்கிறதா? எல்லாவற்றையும் தள்ளி வைத்துப் பாருங்கள். திரையை ஒரு போட்டோ எடுத்துப் போனில் அனுப்பச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

உங்கள் வாலு


மே 15

அன்புள்ள வாலுக்கு,

உன் அம்மா சௌக்கியம். வீடுதான் போர் நடந்த இடம் மாதிரி கிடக்கிறது.

ஸ்பீக்கரைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன். இப்போது பாட்டு பாத்திரங்களுக்குப் பாடுகிறது. அம்மாவின் தையல் மெஷின் பக்கத்து அறைக்குப் போயிற்று, ஊசிகளைப் பொறுக்க அவள் வைத்திருந்த காந்தமும் போயிற்று. கடைசியில் டிவியையே ஜன்னல் பக்கம் திருப்பினேன். "என்னையும் வேணா வெளிய தூக்கி வெச்சிருங்க. என் கொலுசு கூட இரும்பு மாதிரி இருக்கும்" என்றாள் உன் அம்மா. கட்டம் அப்படியேதான் வளைகிறது. நான்காவது சிடியிலும் வளைகிறது.

போட்டோவில் நேராக இருக்கிறது என்று நீ போனில் கத்தினாய். போட்டோ அப்படித்தான். கல்யாண போட்டோவில் நான்கூட அழகாக இருக்கிறேன்.

இன்னும் உன்னிப்பாகப் பார்த்து எழுதச் சொன்னாய். பார்த்தேன். இந்த வளைவு சாதாரண வளைவு இல்லை, ரொம்பக் கெட்டிக்காரத்தனமான வளைவு. நடுவில் பார்த்தால் நடுவில் இருக்கிறது. இடது மூலையைப் பார்த்தால் அங்கே வந்துவிடுகிறது. வலது மூலைக்குப் போனால் எனக்கு முன்னால் அங்கே போய் நிற்கிறது. நான் எங்கே பார்க்கிறேன் என்று அதற்குத் தெரிகிறது. உன் புரோகிராமுக்கு இவ்வளவு மூளையை யார் வைத்தது?

கோடுகளைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுப் பாரேன். தடிக் கோடு சுலபத்தில் வளையாது என்று எனக்குத் தோன்றுகிறது.

லைசென்ஸுக்குக் கண் சீட்டு வாங்கிவிட்டேன். அந்த அட்டையின் கடைசி வரி எனக்குப் போன வருஷத்திலிருந்தே மனப்பாடம். டாக்டர் போனில் பேசிக்கொண்டே சீல் வைத்தார்.

உன் அப்பா


மே 21, கூரியரில்

அப்பா,

போன் பண்ணினேன். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். மறுபடி பண்ணினால் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கேட்டால்தான் நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள்.

டிவியில் இருக்கிற வளைவு இருந்த இடத்தில்தான் இருக்கும். புரோகிராமில் இருக்கிற வளைவும் அப்படித்தான். பார்க்கிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிற வளைவு டிவியில் இல்லை அப்பா. உங்கள் கண்ணில் இருக்கிறது.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். மார்ச் வரைக்கும் "நானும் உன் அம்மாவும் சௌக்கியம்". அதற்குப் பிறகு "உன் அம்மா சௌக்கியம்" மட்டும். நான் கட்டத்தைத்தான் படித்தேன், அந்த வரியைப் படிக்கவே இல்லை. நீங்களும் ஒரு பொய்யை எழுதாமல் எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்பித்திருக்கிறீர்கள்.

இந்த சிடியில் கட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் புள்ளியை மட்டும் பாருங்கள். பிறகு கண் மாற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளைக் கட்டத்தைப் பார்க்க விட்டீர்களா?

தூண் நகரவில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். வேனை எடுக்காதீர்கள்.

வாலு


மே 27

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது,

நான் சௌக்கியம். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காது கொடுக்கிறார். அதனால் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பார்க்காதே.

சிடி வந்தது. நீ போனில் சொல்லியிருந்தபடி நானே போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். "உனக்கு என்ன புரியும்" என்றார். "கோடு புரியாதா எனக்கு? துணி வெட்டறவ நான்" என்றேன். பார்த்தேன். எல்லாக் கோடும் நேராக இருந்தது. அவரிடம் அதைத்தான் சொன்னேன். "நேரா இருக்குங்க. எல்லாமே நேரா இருக்கு."

அவர் நீ எழுதியிருந்த மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் கையை மாற்றினார். அப்புறம் டிவியை அணைக்காமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக் கீழே வைக்கும்போது மேஜை விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டார். இது முதல் தடவை இல்லை. நான்தான் கைத்தவறல் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே துடைத்தேன்.

வேன் சாவியை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று போனேன். ஆணியில் இல்லை. பயந்துவிட்டேன். வாசலில் போய்ப் பார்த்தால் வேன் நிற்கிறது. இன்று காலை பித்தான் எடுக்கத் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். சாவி அங்கே நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. அவரே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் அம்மா


ஜூன் 16

அன்புள்ள வாலுக்கு,

உன் அம்மா சௌக்கியம். டிவி சௌக்கியம், எப்போதுமே சௌக்கியமாகத்தான் இருந்திருக்கிறது, பாவம். என்னை விட்டுத்தள்ளு, கடைசியில் வருகிறேன்.

எழுத்து பெரிதாக இருக்கும். இடது கண்ணை நம்பி எழுதுவது. அதனால்தான் இத்தனை காகிதம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு அட்டையை நீட்டினார். உன் கட்டம். அதே சதுரங்கள், அதே புள்ளி. காப்பியடித்தது நீயா அவர்களா என்று தெரியவில்லை.

"கோடெல்லாம் நேரா தெரியுதா?"

"வலது கண்ணுல நடுவுல கலங்குது டாக்டர். இது எனக்குப் பழகின கட்டம்தான்."

"எங்க பாத்தீங்க?"

"டிவியில."

"டிவியிலயா? என்ன நிகழ்ச்சி?"

"எங்க பொண்ணோட நிகழ்ச்சி. வாரக்கணக்கா அது ஒண்ணுதான் ஓடுது."

விழித்திரைக்கு நடுவில் நீர் கசிகிறதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நடுப்பார்வை போயே போயிருக்குமாம். மருந்து கண்ணுக்குள் ஊசியாகப் போட வேண்டும், மாதா மாதம். ஒன்று போட்டாயிற்று. தடுப்பூசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகளிடம் வேனில் "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எறும்பு கண்ணுக்குள் இறங்கிக் கடித்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரியும். இனிமேல் அந்த வசனத்தைச் சொல்லமாட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன் மூன்றாவது சிடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரோட்டின் நடுக்கோடு வளைய ஆரம்பித்தது. அப்புறம் ஜன்னல் கம்பி, குளியலறையின் சுவர்க் கட்டம். பயமாக இருந்தது. சொன்னால் வேன் போய்விடும். வேன் போனால் நான் காலையில் எழுந்து என்ன செய்வது? அந்த நேரம் பார்த்து உன் சிடி வந்தது. போட்டேன். டிவியிலும் வளைந்தது. சிரிக்காதே, எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது புரோகிராமின் கோளாறு, என் பெண் உட்கார்ந்து சரி பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன். நீ கட்டத்தை நேராக்கிவிட்டால் ரோடும் நேராகிவிடும் என்று எங்கேயோ மூளையின் ஒரு மூலையில் ஒரு கிறுக்கு நம்பிக்கை. ஒவ்வொரு சிடியையும் அப்படித்தான் பிரித்தேன். உன் அம்மாவைப் பார்க்க விடாததும் அதனால்தான். அவள் "நேரா இருக்கு" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடை லீவு விடும்வரை ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் ஊசி எவ்வளவோ பரவாயில்லை. தூணில் இடித்த அன்று வேன் காலி. அது என் புத்திசாலித்தனம் இல்லை.

கண் சீட்டைத் திருப்பிக் கொடுக்க லைசென்ஸ் ஆபீஸுக்குப் போனேன். "வாங்கறதுக்குத்தான் ஃபாரம் இருக்கு, திருப்பித் தர்றதுக்கு இல்லை" என்று மூன்று ஜன்னலுக்கு அலையவிட்டார்கள். கடைசியில் அவர்கள் கண்முன்னாலேயே கிழித்தேன். அதற்கும் ஒருவர் கோபித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசலிலும் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். இரண்டு வீட்டில் வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். மற்றவர்களுக்கு ஒரு இளம் ஓட்டுநரை வைத்திருக்கிறேன். நான் கதவு திறந்துவிட்டு, தலை எண்ணி, பை வாங்கி வைக்கிறேன். ஒரு குட்டிப் பெண், "வேன் மாமா, நீங்க ஃபெயிலா?" என்றது. "ஒரு பாடத்துல மட்டும்" என்றேன். "எங்கம்மா டியூஷன் எடுப்பாங்க, அனுப்பறேன்" என்றது.

மீசைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ரோட்டில் ஆணி கிடந்தால் என் கண்ணுக்குத் தெரியும் என்று சொன்னாயே, அதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? படிக்கப் படிக்க உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

கடைசியில் வருகிறேன் என்றேனே. நான் இடது பக்கம் சௌக்கியம்.

உன் அப்பா


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் வலது பக்கத்துக்கும் சேர்த்தே நலம் விசாரிக்கிறேன். அடுத்த மாதம் லீவு கிடைத்துவிட்டது. மூன்றாவது ஊசிக்கு நான் கூட வருவேன்.

கோபம் இன்னும் போகவில்லை. உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி. நீங்கள் நேர்க்கோட்டைக் கோணல் என்றீர்கள், நான் நேர்க்கோட்டை நிமிர்த்தப் போய் அறுபது டிவியில் நிஜமாகவே ஒரு கோட்டைக் கோணலாக்கிவிட்டேன். குழுவில் ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் காறித் துப்பாத குறை. இரண்டு மாத வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவது சிடிக்கே திரும்பிவிட்டேன். ஐம்பது வெளியாகிவிட்டது, என் பெயரோடு.

நடந்ததை மீசைக்காரரிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி எழுதினார்: "எங்கம்மாவையும் கட்டத்தைப் பாக்கச் சொன்னேன்." அவருடைய அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கேட்டதை மறுக்கவில்லை.

கேட்டது என்ன என்பதை சிடியில் பாருங்கள். கட்டப் படம் வந்ததும் உதவிப் பொத்தானை அழுத்தினால் விளக்கம் வரும், உங்களுக்காகத் தமிழில். அறுபதிலும் அதே விளக்கத்தைப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் வாலு


ஜூலை 19

அன்புள்ள வாலுக்கு,

சிடி வந்தது. கட்டத்தைப் போட்டு உதவிப் பொத்தானை அழுத்தினேன். எழுத்து பொடியாக இருந்ததால் உன் அம்மா தொடர் நேரத்தைத் தியாகம் செய்து வாசித்துக் காட்டினாள்.

"கோடுகள் வளைந்து தெரிந்தால், டிவியைக் குறை சொல்லும் முன் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவு உங்கள் பார்வையோடு நகர்ந்தால், டிவியை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள்."

வாசித்து முடித்துவிட்டு அவள், "இவ்வளவு பெரிய புரோகிராமுல எனக்குப் புரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றாள். பிறகு தொடரைப் போட்டுவிட்டாள். பாதி முடிந்திருந்தது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

எது, எங்கே, எப்படி என்று கேட்பாய். வட்டம் வட்டமாக இருக்கிறது. கடிகாரம் சரியாக ஓடுகிறது. இடது கண்ணுக்குக் கட்டம் ஓரம் முதல் ஓரம் வரை நேர். இரண்டாவது ஊசிக்குப் பிறகு வலது கண்ணுக்கும் கலங்கல் குறைந்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு சதுரம் மட்டும் இன்னும் லேசாக வளைகிறது.

அதை நீ சரி பண்ண வேண்டாம்.

நானும் உன் அம்மாவும் சௌக்கியம்.

உன் அப்பா